‘நெக்ஸ்ட்’ அழுத்துவதற்கு முன் வாசியுங்கள்

(புளியங்குளத்தில் நடந்த சங்க உறுப்பினர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், சேமலாப நிதி, காணி, வீடு என்றுதான் கதைப்போம். இன்று கொம்பியூட்டரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், முன்வரிசையில் இருக்கும் ஐயா ஒருவர், “ஏன் தம்பி, இதுக்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதிலை ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன்.

நமது உறுப்பினர் ஒருவரின் வீடு. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்த குடும்பம். உயர்தரம் படிக்கும் மகளுக்கு, தாய் சீட்டுக்காசில் ஒரு பழைய மடிக்கணினி வாங்கிக் கொடுத்தார். மகள் ஒருநாள் கடந்தகால வினாத்தாள் தேடினாள். ஒரு பக்கத்தில் பெரிய பச்சை நிறத்தில் ‘டவுன்லோட்’ என்று இருந்தது. அழுத்தினாள். ஏதோ ஒரு பெட்டி திறந்தது. ‘நெக்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’ என்று நான்கைந்து தடவை அழுத்தினாள். வினாத்தாளும் வந்தது. அவளும் படிக்கத் தொடங்கிவிட்டாள்.

இரண்டு நாளில் கணினி ஆளே மாறிவிட்டது. கூகுள் திறந்தால் வேறொரு தேடல் பக்கம் வந்தது. ஒன்றை அழுத்தினால் மூன்று பக்கங்கள் திறந்தன. சூதாட்ட விளம்பரம், பார்க்கக் கூசும் படங்கள், திரையின் கீழ் மூலையில் “உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்” என்ற எச்சரிக்கை, திடீரென்று சத்தமாக ஓடும் வீடியோ. “பொட்டி தானாப் பேசுது தம்பி” என்று தாய் என்னிடம் சொன்னார். ஒரு மாதத்துக்குப் போட்ட டேட்டா பத்து நாளில் முடிந்தது.

இதுவரை நடந்தது இயந்திரத்தின் கதை. இனி நடந்ததுதான் என்னை உறுத்தியது. அந்தப் படங்களைத் தகப்பன் பார்த்துவிட்டார். “படிக்கிறேன் என்று சொல்லி இதையா பார்க்கிறாய்?” என்று பிள்ளையை ஏசி, மடிக்கணினியைப் பூட்டி வைத்துவிட்டார். பிள்ளை அழுதழுது சொல்லியும் நம்பவில்லை. பிறகு ஒரு கடைக்குக் கொண்டுபோனார்கள். கடைக்காரர் ஒரு கேள்வியும் கேட்காமல் ‘போமட்’ அடித்துக் காசை வாங்கிக்கொண்டார். விளம்பரம் போனது. அதோடு பிள்ளையின் குறிப்புகளும், தாத்தாவின் குடியுரிமைச் சான்றிதழ், காணிக் கடிதங்கள் ஆகியவற்றைப் படம் பிடித்து வைத்திருந்ததும் போயின. சான்றிதழின் மூலம் பெட்டியில் இருக்கிறது. கரையான் அரித்துப்போன ஒரு காணிக் கடிதத்துக்கு அந்தப் படம் ஒன்றுதான் மிச்சமாக இருந்தது. அதுவும் இல்லை.

ஐயா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். ஒரு பிள்ளையின் படிப்பு, அவளுடைய நல்ல பெயர், ஒரு குடும்பத்தின் காணிக் கடிதம். இவை சங்கத்தின் விஷயம் இல்லையென்றால் வேறு எது சங்கத்தின் விஷயம்?

அந்தப் பிள்ளை கெட்டது எதையும் தேடவில்லை. அவளுடைய கணினிக்குள் நுழைந்ததற்குப் பெயர் ஆட்வெயர். விளம்பர மென்பொருள் என்று சொல்லலாம். நாம் கேட்காமலே விளம்பரம் காட்டுவதும், நாம் போகும் இடத்தை விட்டு வேறிடத்துக்கு இழுத்துப்போவதும், நாம் எதைத் தேடுகிறோம் என்று பார்த்து எழுதி வைப்பதும் இதன் வேலை. பல நேரம் இது களவாக வருவதில்லை. நம்முடைய விரலாலேயே அனுமதி வாங்கிக்கொண்டு வருகிறது. அந்த ‘நெக்ஸ்ட்’ பெட்டிகளில் ஒன்றில், சின்ன எழுத்தில், “இதையும் சேர்த்துப் பொருத்தச் சம்மதிக்கிறேன்” என்று எழுதி, முன்கூட்டியே சரி அடையாளமும் போட்டிருப்பார்கள். நாம் வாசிக்காமல் தள்ளிவிட்டோம். அவ்வளவுதான்.

யாருக்கு இதில் என்ன லாபம் என்று கேட்பீர்கள். விளம்பரக்காரர் ஒருவர் காசு கொடுக்கிறார். நடுவில் ஒரு கம்பனி, “எங்கள் மென்பொருளை ஒரு கணினியில் பொருத்திக் கொடுத்தால் உனக்கு இவ்வளவு” என்று தரகர்களுக்கு விலை பேசுகிறது. தரகர் ஒரு நல்ல இலவச மென்பொருளை எடுத்து, அதற்குள் இதை மடித்து வைத்து, பச்சைப் பொத்தானோடு நமக்கு நீட்டுகிறார். கணினிக்கு இவ்வளவு என்று எண்ணிக் காசு. நமது தாத்தாமார் காலத்தில் பிரட்டுக்கு எத்தனை ஆள் நிறுத்தினார் என்று எண்ணிக் கங்காணிக்குத் தலைக்காசு கொடுத்தார்கள் அல்லவா? அதே கணக்கு. தலைக்குப் பதில் கணினி.

இது எங்கோ ஒரு மூலையில் சில்லறைத் திருடர் செய்யும் வேலை என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் சாங்கோ என்ற கம்பனி இப்படித்தான் செய்தது. மக்களுக்கு ஒழுங்காகச் சொல்லாமல் விளம்பர மென்பொருளை வேறு மென்பொருள்களோடு சேர்த்துப் பொருத்தியது, நீக்க முடியாதபடி செய்தது என்று அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணைக்குழு குற்றம் சாட்டியது. 2006 இல் அந்தக் கம்பனி 30 இலட்சம் டொலர் கட்டச் சம்மதித்தது.

2017 இல் ‘பயர்போல்’ என்று ஒன்று வெளியே தெரியவந்தது. பெய்ஜிங்கில் இருந்த ஒரு விளம்பர நிறுவனம், இலவச மென்பொருள்களோடு சேர்த்து இதைப் பரப்பியது. உலகத்தில் 25 கோடிக் கணினிகளில் இது புகுந்திருக்கிறது, இந்தியாவில் மட்டும் சுமார் இரண்டரைக் கோடி என்று செக் பொயின்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் மதிப்பிட்டது. அந்தக் கணக்கு மிகை என்று மைக்ரோசொப்ட் சொன்னது. கணக்கு எதுவானாலும், வந்த வழி ஒன்றுதான்: இலவசப் பொருளுக்குள் ஒளிந்து வந்தது.

காசு கொடுத்து வாங்கிய புதுக் கணினியிலும் இது இருந்திருக்கிறது. 2014 இல் லெனோவோ நிறுவனம் விற்ற சில மடிக்கணினிகளில் ‘சூப்பர்ஃபிஷ்’ என்ற விளம்பர மென்பொருளைக் கம்பனியே போட்டு விற்றது. வங்கிப் பக்கத்துக்குப் போகும்போது முகவரிப் பட்டையில் ஒரு பூட்டுப் படம் தெரியுமே, அந்தப் பூட்டையே அது ஏமாற்றியது. நமக்கும் வங்கிக்கும் நடுவில் அது உட்கார்ந்துகொண்டது. அதனால் வேறு திருடனும் அந்த வழியால் உள்ளே வரக்கூடிய நிலை உண்டானது. 2015 பெப்ரவரியில் விஷயம் வெடித்தது. 2017 இல் அமெரிக்காவின் 32 மாநிலங்களுக்கு 35 இலட்சம் டொலர் கட்டினார்கள். விளம்பரம் மட்டும்தானே, பார்த்துவிட்டுப் போகலாம் என்று விடக்கூடாது என்பதற்கு இதை விடப் பெரிய சாட்சி வேண்டாம்.

இனி வேலைக்கு வருவோம். பிள்ளைகள் கொப்பியை எடுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஏறக்குறைய இதே வழிதான். திரையில் சொற்கள் ஆங்கிலத்தில் இருக்கும். அதனால் அந்தச் சொற்களை அப்படியே சொல்கிறேன்.

முதலாவது, பயப்படாதீர்கள். திரை முழுக்கச் சிவப்பாகி, “உங்கள் கணினி பூட்டப்பட்டது, உடனே மைக்ரோசொப்டுக்கு இந்த இலக்கத்தில் அழையுங்கள்” என்று வந்தால் அழைக்கவே வேண்டாம். மைக்ரோசொப்ட் தன்னுடைய எச்சரிக்கையில் தொலைபேசி இலக்கம் போடுவதில்லை. அழைத்தால், மறுபக்கம் இருப்பவர் உங்கள் கணினிக்குள் வரக் கேட்பார், பிறகு காசு கேட்பார். அந்தப் பக்கத்தை மூட ‘ஒல்ட்’ விசையையும் ‘எஃப் 4’ விசையையும் சேர்த்து அழுத்துங்கள். மூடவில்லையென்றால் ‘கொன்ட்ரோல்’, ‘ஷிஃப்ட்’, ‘எஸ்கேப்’ மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். ‘டாஸ்க் மனேஜர்’ வரும். அதில் குரோம் அல்லது நீங்கள் பாவிக்கும் உலாவியைத் தெரிந்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். மறுபடி திறக்கும்போது “பழைய பக்கங்களை மீட்கவா?” என்று கேட்டால் வேண்டாம் என்று விடுங்கள்.

இரண்டாவது, எதையும் நோண்டுவதற்கு முன் உங்கள் கடிதங்கள், படங்கள், குறிப்புகளை ஒரு பென் டிரைவில் பிரதி எடுங்கள். படமும் எழுத்தும் மட்டும். பெயரின் கடைசியில் ‘ஈ-எக்ஸ்-ஈ’ என்று முடியும் கோப்பு எதையும் எடுக்காதீர்கள். அது மென்பொருளைப் பொருத்தும் கோப்பு. வந்த நோயே அதற்குள் இருக்கலாம்.

மூன்றாவது, விளம்பரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வைத்தியர் நாடி பிடிப்பது போல இதுதான் முக்கியம். மூன்று இடங்கள் உண்டு.

திரையின் கீழ் வலது மூலையில் சின்னப் பெட்டியாக வந்தால், பெரும்பாலும் அது ‘நோட்டிஃபிகேஷன்’. ஏதோ ஒரு பக்கத்தில் “நீ ரோபோ இல்லை என்று காட்ட ‘அலோ’ அழுத்து” என்று கேட்டிருப்பார்கள். அழுத்தியிருப்பீர்கள். அது வைரஸே இல்லை, நாம் கொடுத்த அனுமதி. குரோமில் மேலே மூன்று புள்ளி, ‘செட்டிங்ஸ்’, ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, ‘சைட் செட்டிங்ஸ்’, ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’. அனுமதி பெற்ற பக்கங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர் எல்லாவற்றையும் நீக்குங்கள். கையில் இருக்கும் ஸ்மார்ட் போனிலும் இதே தொல்லை வரும், அங்கேயும் குரோமின் ‘செட்டிங்ஸ்’ வழியாகவே நிறுத்தலாம்.

உலாவியைத் திறந்தால் மட்டும் விளம்பரம் வந்து, மூடினால் நின்றால், உலாவியில் ஒட்டிக்கொண்ட ‘எக்ஸ்டென்ஷன்’ ஆக இருக்கலாம். மூன்று புள்ளி, ‘எக்ஸ்டென்ஷன்ஸ்’, ‘மனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்’. நீங்களாகப் போடாதது எல்லாவற்றுக்கும் ‘ரிமூவ்’ கொடுங்கள். நீங்களாகப் போட்டதையும் சந்தேகப்படுங்கள். ‘கிரேட் சஸ்பெண்டர்’ என்ற எக்ஸ்டென்ஷனை உலகமெங்கும் நிறையப் பேர் நம்பிப் பாவித்தார்கள். அது கைமாறியது. புதிய கைக்குப் போன பிறகு, 2021 பெப்ரவரியில், கெட்ட மென்பொருள் என்று கூகுளே அதை நீக்கியது. நல்ல தோட்டமும் துரை மாறினால் மாறும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

உலாவியே திறக்காதபோதும் விளம்பரம் வந்தால், கணினியில் பொருத்தப்பட்ட மென்பொருள்தான் காரணம். ‘செட்டிங்ஸ்’, ‘அப்ஸ்’, அங்கே பொருத்திய மென்பொருள்களின் பட்டியல். அதைத் திகதி வரிசைப்படி மாற்றுங்கள். தொல்லை தொடங்கிய நாளில் அல்லது அதற்கு முதல் நாளில் வந்தவை மேலே நிற்கும். பெயர் தெரியாததை ‘அன்இன்ஸ்டால்’ செய்யுங்கள். நீக்கும்போது வரும் பெட்டியையும் வாசியுங்கள். “நீக்குவதற்குப் பதில் இந்தச் சலுகையை எடுக்கிறீர்களா?” என்று கடைசி நேரத்திலும் தந்திரம் செய்வார்கள். எது என்று தெரியாத ஒன்றைக் கண்மூடித்தனமாக நீக்கவும் வேண்டாம். இன்டெல், ரியல்டெக் போன்ற பெயர்கள் கணினிக்குத் தேவையானவை. பெயரைக் கொப்பியில் எழுதி, தெரிந்தவரிடம் கேளுங்கள்.

நான்காவது, கணினியை ஒருமுறை மறுபடி தொடக்கி, சோதனை ஓட விடுங்கள். விண்டோஸ் உள்ளேயே ஒரு காவல்காரன் உண்டு. ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று தேடித் திறந்து, ‘வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்’, ‘ஸ்கேன் ஒப்ஷன்ஸ்’, ‘ஃபுல் ஸ்கேன்’. நேரம் எடுக்கும். பின்னேரம் போட்டுவிட்டுச் சமையலைப் பாருங்கள். அதே இடத்தில் ‘அப் அண்ட் பிரௌசர் கொன்ட்ரோல்’ என்பதற்குள் ‘ரெப்யுட்டேஷன்’ என்று தொடங்கும் பகுதி இருக்கும். அங்கே, வேண்டாத மென்பொருளைத் தடுக்கும் ஆளியைப் போட்டு விடுங்கள். இதற்குக் காசு இல்லை. மால்வெயர்பைட்ஸ் நிறுவனம் தரும் ‘அட்வ்கிளீனர்’ என்ற இலவசக் கருவியும் இதே வேலைக்கென்று செய்ததுதான். அந்த நிறுவனத்தின் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள். ஆட்வெயர் நீக்கி என்று சொல்லிக்கொண்டு ஆட்வெயரே வருவதும் உண்டு.

ஐந்தாவது, உலாவியைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். குரோமில் ‘செட்டிங்ஸ்’, ‘ரீசெட் செட்டிங்ஸ்’. முகப்புப் பக்கமும் தேடல் பக்கமும் பழையபடி ஆகும். நீங்கள் குறித்து வைத்த பக்கங்களும் கடவுச்சொற்களும் அழியாது. எல்லாம் செய்தும் இரண்டு நாளில் திரும்பி வந்தால், அதே கூகுள் கணக்கில் வேறொரு கணினியும் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இருக்கும் எக்ஸ்டென்ஷன் கணக்கு வழியாக இங்கே மறுபடி வந்து இறங்கும். இரண்டையும் சுத்தம் செய்ய வேண்டும்.

ஆறாவது, சுத்தமான பிறகு கடவுச்சொற்களை மாற்றுங்கள். வங்கி, மின்னஞ்சல், முகநூல் இந்த மூன்றும் முதலில்.

இதற்கு மேலும் அடங்காவிட்டால்தான் கடைக்குப் போகவேண்டும். கடைக்குப் போனாலும் ‘போமட்’ என்பது கடைசி மருந்து. கடைக்காரரிடம் கையைக் காட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: “போமட் அடிக்காமல் நீக்க முடியுமா? அடிப்பதென்றால் முதலில் என் கோப்புகளைப் பிரதி எடுத்துத் தருவீர்களா? எவ்வளவு காசு?” வேலை முடிந்ததும் அங்கேயே திறந்து பார்த்துவிட்டு வாருங்கள். செக்ரோலில் நம் பேர் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்காமல் நாம் சம்பளம் வாங்குவோமா?

நீக்குவது அரை நாள் வேலை. வராமல் பார்த்துக்கொள்வது ஒரு நிமிட வேலை. அதற்குச் சில பழக்கங்கள் போதும்.

தேடியதும் முதலில் வருவதை அழுத்தாதீர்கள். ‘ஸ்பொன்சர்ட்’ என்று மேலே இருப்பது காசு கொடுத்து வாங்கிய இடம். கடந்தகால வினாத்தாளுக்குப் பரீட்சைத் திணைக்களத்தின் தளம் உண்டு. பாடநூல்களைத் தமிழிலேயே கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் இலவசமாக எடுக்கலாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் தமிழில் பாடங்கள் உண்டு. வினாத்தாள் ‘பி-டி-எஃப்’ கோப்பாக வரும். வினாத்தாள் கேட்ட இடத்தில் ‘ஈ-எக்ஸ்-ஈ’ வந்தால், அரிசி கேட்ட கடையில் மூட்டைக்குள் பாம்பு இருக்கிறது என்று அர்த்தம். திறக்காமல் அழித்துவிடுங்கள்.

தமிழில் எழுத வேண்டும் என்று பாமினி எழுத்துரு, தமிழ் விசைப்பலகை என்று தேடி அலைபவர்கள் நம்மில் நிறையப் பேர். இலவசம் என்று வலை விரிப்பவர்களுக்கு இதுவும் நல்ல இடம். யுனிகோட் தமிழ் எழுத்துருவும் தமிழ் விசைப்பலகையும் விண்டோஸுக்குள்ளேயே இருக்கின்றன. ‘செட்டிங்ஸ்’, ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’, அங்கே தமிழைச் சேர்த்தால் போதும். வெளியே போகத் தேவையே இல்லை.

பழைய மடிக்கணினி விற்பவர்கள் களவு விண்டோஸ், களவு ஒபிஸ் போட்டுத் தருவார்கள். அதை இயங்கச் செய்ய ‘அக்டிவேட்டர்’ என்று ஒன்றைப் பாவிப்பார்கள். அது வேலை செய்யக் காவல்காரனை முதலில் நிறுத்தச் சொல்லும். யோசித்துப் பாருங்கள், “நாயைக் கட்டிப்போடு, நான் உள்ளே வருகிறேன்” என்று சொல்பவன் எதற்கு வருகிறான்? கடிதம் எழுத, கணக்குப் போட லிப்ரே ஒபிஸ் இருக்கிறது. காசும் இல்லை, களவும் இல்லை. உலாவிக்கு ஃபயர்ஃபொக்ஸ் இருக்கிறது, தமிழ் முகப்போடும் கிடைக்கும். அதில் ‘யூபிளொக் ஒரிஜின்’ என்ற எக்ஸ்டென்ஷனைப் போட்டால் பெரும்பாலான விளம்பரங்களும், போலி டவுன்லோட் பொத்தான்கள் பலவும் கண்ணில் படாது, டேட்டாவும் மிஞ்சும்.

இலவசம் எல்லாம் பொல்லாதது என்று நான் சொல்லவில்லை என்பது இப்போது விளங்கியிருக்கும். இவற்றைச் செய்பவர்களில் பலர், நாம் சிரமதானத்தில் குளக்கட்டுக்கு மண் போடுவது போல, உலகின் பல மூலைகளிலிருந்தும் உழைப்பைக் கொடுப்பவர்கள். ஆனால் எந்த வாசலால் எடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். ‘சோர்ஸ்ஃபோர்ஜ்’ என்ற தளத்தை ஒரு காலம் எல்லோரும் நம்பினார்கள். 2013 அளவில் அந்தத் தளம் நல்ல இலவச மென்பொருள்களோடு விளம்பரப் பொருள்களையும் மடித்துக் கொடுக்கத் தொடங்கியது. ‘ஜிம்ப்’ என்ற படம் வரையும் மென்பொருளைச் செய்தவர்கள் கோபித்து வெளியேறினார்கள். 2016 இல் புதிய உரிமையாளர் வந்துதான் அந்தப் பழக்கத்தை நிறுத்தினார். அதனால் எந்த மென்பொருளையும் செய்தவரின் சொந்தத் தளத்திலிருந்து எடுங்கள்.

பொருத்தும்போது ‘எக்ஸ்பிரஸ்’, ‘கஸ்டம்’ என்று இரண்டு வழி காட்டினால் ‘கஸ்டம்’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். அங்கேதான் மறைத்து வைத்த சரி அடையாளங்கள் தெரியும். தேவையில்லாததை எடுத்துவிடுங்கள். ‘டிக்ளைன்’ என்று இருந்தால் அழுத்துங்கள். நீங்கள் கேட்ட மென்பொருள் அப்போதும் வரும். ஆங்கிலம் விளங்கவில்லையா? பிள்ளையிடம் கேளுங்கள், பக்கத்து வீட்டில் கேளுங்கள், நாளைக்குச் செய்யுங்கள். எந்தக் கணினியும் அவசரப்படுத்தாது. அவசரப்படுத்துவது விற்பவன்தான்.

பிள்ளைகள் பாவிக்கும் கணினியில் இரண்டு கணக்கு வையுங்கள். ஒன்று பொறுப்பாளருக்கு, கடவுச்சொல்லோடு. மற்றது பிள்ளைக்கு, சாதாரணக் கணக்கு. பல மென்பொருள்களைப் பொருத்த அந்தக் கடவுச்சொல் தேவைப்படும். அப்போது இரண்டு பேர் சேர்ந்து வாசிப்பீர்கள். நோட்டிஃபிகேஷன், எக்ஸ்டென்ஷன் இரண்டையும் இது தடுக்காது. அவற்றுக்குக் கண்தான் காவல். விண்டோஸ் 10 க்கான மைக்ரோசொப்டின் வழமையான பாதுகாப்பு உதவி 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. பழைய மடிக்கணினி வாங்குபவர்கள், அதில் 11 ஓடுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கடிதங்களைப் பற்றி ஒரு சொல். பிறப்புச் சான்றிதழ், குடியுரிமைச் சான்றிதழ், காணி அனுமதிப்பத்திரம், சேமலாப நிதிக் கடிதம் இவற்றின் படம் ஒரு இடத்தில் மட்டும் இருக்கக்கூடாது. கணினியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, நம்பிக்கையான உறவினர் வீட்டில் ஒன்று. 1948 இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, கையில் கடதாசி இல்லை என்பதற்காகவே நாடற்றவர்களாக நின்ற சனம் நாம். அதன் பிறகு கலவரத்திலும் இடப்பெயர்விலும் கடதாசிகளைச் சேலைத் தலைப்பில் முடிந்து காப்பாற்றிய அம்மாமார் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றியதை ஒரு பச்சைப் பொத்தானுக்குப் பறிகொடுக்கலாமா?

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்பீர்கள். நமது நாட்டில் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. அனுமதியின்றி ஒருவரின் கணினிக்குள் புகுவது குற்றம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. இலங்கை சேர்ட் என்ற அமைப்பு 2006 முதல் இருக்கிறது, இணையத்தில் ஏமாற்றப்பட்டால் அங்கே முறையிடலாம். காசு பறிபோயிருந்தால் உடனே வங்கிக்குச் சொல்லி, பொலிசிலும் முறைப்பாடு செய்யுங்கள். ஆனால் ஆட்வெயர்காரன் நீதிமன்றத்தில் என்ன சொல்வான்? “நான் கேட்டேன், அவர் சம்மதித்தார்” என்பான். நாம் வாசிக்காமல் அழுத்திய ‘நெக்ஸ்ட்’தான் அவன் காட்டும் கையெழுத்து.

வாசிக்காத கடதாசியில் கட்டுப்படுவது நமக்குப் புதிது இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் ‘துண்டு’ என்று ஒன்று இருந்தது. தொழிலாளியின் கடன் எவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிப்போம் என்று தோட்டத்தில் எழுதிக் கொடுக்கும் கடதாசி. அதைக் கையில் வைத்திருப்பவர், கடனோடு ஆளையும் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கொண்டுபோவார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று, அந்தக் கடனைச் சுமந்தவர்களில் பலருக்கு வாசிக்கத் தெரியாது. 1921 இல் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள். நமது தாத்தாமாருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது. நம் வீட்டிலேயே வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். வாசிக்கத் தெரிந்தும் வாசிக்காமல் அழுத்தினால் அந்தக் குற்றத்தை யார் மேல் போடுவது?

கடைசியாகத் தகப்பன்மாருக்கு ஒன்று சொல்கிறேன். திரையில் அசிங்கமான படம் வந்தால் பிள்ளையைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள். வேலைத்தலத்தில் நம் மேல் குற்றம் சாட்டினால் விசாரணை வேண்டும் என்று சங்கம் கேட்கிறது. அதே நியாயம் வீட்டுப் பிள்ளைக்கும் வேண்டும். ஏச்சுக்குப் பயந்தால் அடுத்த முறை பிள்ளை சொல்லவே மாட்டாள், மறைப்பாள். மறைத்தால் நோய் முற்றும்.

நான் முதலில் சொன்ன அந்த வீட்டுக்குப் பிறகு போயிருந்தேன். மகளும் தகப்பனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, நான் இப்போது சொன்ன ஆறு படிகளையும் ஒருமுறை செய்து பார்த்தோம். நோட்டிஃபிகேஷன் பட்டியலைக் கண்டதும் தகப்பன் அசந்துபோனார். “இவ்வளவும் நாங்கள் சம்மதித்ததா?” என்று கேட்டார். பிறகு மகளைப் பார்த்து ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய்த் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து அவளுக்கு முதலில் கொடுத்தார். காணிக் கடிதத்தின் பிரதிக்கு இப்போது அலுவலகம் அலுவலகமாக அலைகிறார்கள். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, கணினி இருப்பவர்கள் கொண்டுவாருங்கள். கூட்டம் முடிந்த பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்போம். இங்கே விளங்கிக்கொண்ட பிள்ளைகள், மலைநாட்டில் லயத்தில் இருக்கும் உங்கள் மாமா, சித்தி பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் ஒன்றே ஒன்று செய்யுங்கள்: கடிதங்களின் படத்தை ஒரு பென் டிரைவில் பிரதி எடுங்கள்.